படத்தில் இருப்பது யார்? கோடியக்கரையிலிருந்து அரிச்சல்முனை வரை

கோடியக்கரை, வெள்ளி இரவு

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு முடிந்த கையோடு கிளம்பிவிட்டோம். ஜனவரியில் கோடியக்கரைச் சேற்றில் இரை தேடும் சின்னப் பறவைகளில் பெரும்பாலானவை ஒரே சாயல்: மேலே சாம்பல் கலந்த பழுப்பு, கீழே வெள்ளை. ஜூன் மாதம் வட சைபீரியாவில் செங்கல் நிறத்தில் திரியும் உள்ளானும், லடாக்கின் ஏரிக்கரையில் மார்பில் செந்நிறப் பட்டையோடு கூடு வைக்கும் உப்புக்கொத்தியும் அந்த நிறத்தையெல்லாம் உதிர்த்துவிட்டு இங்கே ஒரே பாத்தியில் நிற்கின்றன. ஏப்ரலில் வந்தால் பாதிக்குப் பாதி நிறம் திரும்பியிருக்கும், பெயர் சொல்வதும் சுலபம். நாங்கள் வேண்டுமென்றேதான் ஜனவரியில் வந்தோம்.

காரில் நான்கு பேர். பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்ற டீச்சர் அக்கா, கேமராவைக் கீழே வைக்காத அண்ணன், கல்லூரியில் விலங்கியல் படிக்கும் தம்பி, அப்புறம் நான். பகலெல்லாம் படம் எடுப்பது, இரவு லாட்ஜ் அறையில் லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு படமாகப் போட்டு "இது யார்?" என்று கேட்பது. இதுதான் எங்கள் விளையாட்டு.

விதிகளைச் சொல்லிவிடுகிறேன். படம் எடுத்தவர் விடை சொல்லக் கூடாது. போனில் உள்ள அடையாளம் காட்டும் செயலிகளைத் தொடக் கூடாது. வெறும் பெயருக்கு மதிப்பெண் கிடையாது. எதை வைத்துச் சொல்கிறோம் என்று திரையில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். காரணம் சரியாக இருந்து பெயர் தவறிப்போனால் பாதி மதிப்பெண் உண்டு. கடைசி விதி அக்கா சேர்த்தது. "இந்தப் படத்தில் விடை இல்லை" என்பதும் முழு மதிப்பெண் பெறும் விடைதான், ஏன் இல்லை என்று விளக்கினால். எல்லா விதிகளிலும் எனக்குப் பிடித்தது இதுதான்.

இன்று மாலை வெளிச்சம் கொஞ்ச நேரமே கிடைத்தது. முனியப்பன் ஏரிப் பக்கம் எடுத்த சில படங்களோடு உட்கார்ந்தோம். முதல் படத்தில் இருந்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பறவை. தம்பி யோசிக்கவே இல்லை.

"கொசு உள்ளான்க்கா. இங்கே ஆயிரக்கணக்குல நிக்குதே."

"நிறைய நிக்குதுங்கிறது காரணம் ஆகாதுப்பா. படத்துல என்ன தெரியுது, அதைச் சொல்லு."

கொசு உள்ளானுக்குக் கால் கருப்பு. அதே அளவில் இருக்கும் டெம்மிங்க் உள்ளானுக்கும் நீள்விரல் உள்ளானுக்கும் கால் மஞ்சள் அல்லது மங்கிய பச்சை. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் படத்தில் இருந்த காலில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது; கால் மண் நிறத்தில்தான் தெரிந்தது. அண்ணன் படத்தைப் பெரிதாக்கினார். சேறு ஏறாத இடமாக, வயிற்று இறகுக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துண்டு கால் தெரிந்தது. அது கருப்பு. மார்பின் நடுவும் வெள்ளையாக இருந்தது. டெம்மிங்க் உள்ளானுக்கு மார்பு முழுக்கச் சாம்பல் படர்ந்திருக்கும். சரி, கொசு உள்ளான் என்று நாங்கள் முடிக்கப் போகும் நேரத்தில் அக்கா அடுத்த கேள்வியைப் போட்டார்.

"ரெட்நெக்ட் ஸ்டின்ட் இல்லைன்னு எதை வெச்சு சொல்றீங்க?"

கிழக்கு சைபீரியாவில் முட்டையிட்டு, தென்கிழக்கு ஆசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகும் பறவை அது. நம் கிழக்குக் கடற்கரைக்கும் சில வந்து சேரும். அதற்கும் கால் கருப்பு. குளிர்காலத்தில் கழுத்தில் சிவப்பு இருக்காது. மெல்லிய நுனியுள்ள அலகு, கொஞ்சம் நெட்டையான கால் என்றால் கொசு உள்ளான்; மொண்ணை அலகு, குட்டைக் கால், நீளமான உடல் என்றால் மற்றது. எங்கள் பறவை நெட்டைக் காலோடு நிமிர்ந்து நின்றதால் கொசு உள்ளான் பக்கம் சாய்ந்தோம். ஒரு பறவையின் பெயரைச் சொல்வது என்றால் அதன் ஜாடையில் உள்ள மற்றவை ஏன் இல்லை என்றும் சொல்வது. அதற்காகத்தான் இந்த விளையாட்டையே நான் விரும்புகிறேன்.

கோடியக்கரையில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. அலகின் நுனி கரண்டியாக விரிந்திருக்கும் ஸ்பூன்பில்டு சாண்ட்பைப்பர் முன்பு இங்கே பதிவாகியிருக்கிறது. உலகத்திலேயே இப்போது சில நூறுதான் மிச்சம். பக்கவாட்டில் பார்த்தால் அந்தக் கரண்டி சட்டென்று கண்ணில் படாது. கொசு உள்ளான் கூட்டத்தில் இன்னொன்றாகக் கலந்துவிடும். "எல்லாம் கொசு உள்ளான்தான்" என்று கடந்துபோவது எனக்குச் சம்மதமில்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.


கோடியக்கரை, சனி இரவு

விடிவதற்கு முன்பே உப்பளப் பக்கம் போய்விட்டோம். வழியில் அகஸ்தியம்பள்ளியில் 1930 உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண். ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்த மண் இது. இன்றும் அந்தத் தொழில்தான் ஊரைச் சுமக்கிறது. உப்பளம் என்றால் பாத்தி பாத்தியாக வெவ்வேறு ஆழத்தில் தண்ணீர். ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு கால் நீளம். ஆழத்தில் பூநாரைகள், முழங்கால் தண்ணீரில் பச்சைக்காலியும் மூக்கனும், ஈர மண்ணில் உள்ளான், காய்ந்த வரப்பில் உப்புக்கொத்தி. பறவை எங்கே நிற்கிறது என்பதே பாதி அடையாளம். அதனால் சுற்றுப்புறத்தை வெட்டிவிட்டுப் பறவையை மட்டும் காட்டும் படங்களை விளையாட்டில் சேர்க்க வேண்டாம் என்று இன்று முடிவெடுத்தோம்.

ஒன்பது மணிக்கு மேல் படம் எடுப்பதில் பயனில்லை. தரையிலிருந்து கானல் எழும்ப ஆரம்பித்ததும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் பறவையின் விளிம்பு நெளியும். அலகின் நீளத்தை வைத்துத்தான் பெயர் சொல்ல வேண்டும் என்னும்போது நெளிந்த அலகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அண்ணனுக்கு மனமே இல்லை, இழுத்துக்கொண்டுதான் டீக்கடைக்கு வந்தோம்.

இரவு விளையாட்டின் பெரும்பகுதியை ஒரே ஒரு பறவை எடுத்துக்கொண்டது. வரப்பின் மேல் நிற்கும் உப்புக்கொத்தி. மேலே மண் நிறம், மார்பின் இரண்டு பக்கமும் பழுப்புத் திட்டு. ப்ளோவர் என்பது உப்புக்கொத்தியின் ஆங்கிலப் பெயர். பின்கழுத்தில் வெள்ளை வளையம் இல்லை, அதனால் கென்டிஷ் ப்ளோவர் இல்லை. ஆக, சாண்ட் ப்ளோவர். லெஸ்ஸரா, கிரேட்டரா?

தனித்தனியாகப் புத்தகத்தில் பார்த்தால் குழப்பமே வராது. கிரேட்டர் பெரியது, அலகு கனம், கால் நெட்டை, கால் நிறம் வெளிறியது. லெஸ்ஸர் சின்னது, அலகு குட்டை, கால் கருஞ்சாம்பல். ஆனால் படத்தில் ஒற்றைப் பறவை நிற்கும்போது பெரியது சின்னது என்பதற்கு என்ன பொருள்? பக்கத்தில் ஒப்பிட எதுவும் இல்லை. கால் நிறம் வெயிலில் வெளிறிக் கிடக்கிறது. மிச்சம் இருப்பது அலகு.

அக்கா டைரியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். தாளின் விளிம்பைத் திரையில் அலகோடு சேர்த்து வைத்து, அலகின் அடியில் ஒரு புள்ளி, நுனியில் ஒரு புள்ளி வைத்தார். பிறகு தாளைப் பின்னால் நகர்த்தினார். நுனிக்கு வைத்த புள்ளி இப்போது அலகின் அடியில். மற்றப் புள்ளி தலையின் மேல். அந்தப் புள்ளி கண்ணின் பின்விளிம்பு வரை வந்தாலோ அதற்கு முன்பே நின்றாலோ லெஸ்ஸர். கண்ணைத் தெளிவாகத் தாண்டினால் கிரேட்டர். எங்கள் படத்தில் தாண்டியது.

தம்பி துள்ளிவிட்டான். "கிரேட்டர்! அளந்தே காட்டியாச்சு!"

"தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கு?" என்றார் அக்கா.

உற்றுப் பார்த்தால் பறவை நம்மைவிட்டுக் கொஞ்சம் விலகித் திரும்பியிருந்தது. பின்தலை வழக்கத்தைவிட அகலமாகத் தெரிந்தது. தலை அப்படித் திரும்பும்போது நம் பக்கத்துக் கண் அலகை நோக்கி நகர்ந்துவிடும். கண்ணுக்கும் அலகுக்கும் இடைவெளி குறையும், அலகு நீண்டதுபோல் தோன்றும். நம்மைப் பார்த்துத் திரும்பினால் நேர்மாறாக அலகு குட்டையாகிவிடும். சரியான பக்கவாட்டுத் தோற்றம் இல்லாத படத்தில் இந்த அளவு செல்லாது.

நல்லவேளையாக அண்ணன் விடாமல் அழுத்திய வரிசை இருந்தது. சில படங்கள் தள்ளிப் போனதும் அதே பறவை, அதே வரப்பு, தலை மிகச் சரியாகப் பக்கவாட்டில். மறுபடியும் தாள், மறுபடியும் புள்ளி. இந்த முறை கண்ணின் பின்விளிம்போடு நின்றது. அலகின் நுனியும் மொண்ணையாக இருந்தது. நிழல் விழுந்த கால் நல்ல கருஞ்சாம்பல். லெஸ்ஸர்.

அதோடு முடியவில்லை. லெஸ்ஸர் சாண்ட் ப்ளோவர் என்று நாம் சொல்லிப் பழகியதை இப்போது இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். சைபீரியன், திபெத்தன். மரபணுவைப் பார்த்தபோது திபெத்தன் கூட்டம் சைபீரியனைவிட கிரேட்டருக்குத்தான் நெருங்கிய உறவு என்று தெரிந்தது. கண்ணால் பார்த்து ஒரே குடும்பம் என்று சேர்த்து வைத்திருந்த இரண்டும் உண்மையில் அவ்வளவு நெருக்கம் இல்லை. இந்தியக் கடற்கரைக்கு வருபவை பெரும்பாலும் திபெத்தன். சைபீரியன் பெரும்பாலும் கிழக்கே ஆஸ்திரேலியா வரை போய்விடும். குளிர்காலப் படத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க நான் துணிய மாட்டேன். வந்த இடத்தை வைத்துத் திபெத்தன் என்று எழுதலாம், படத்தை வைத்து அல்ல. இந்த வித்தியாசத்தைக் குறிப்பில் எழுதி வைப்பது முக்கியம் என்று நினைக்கிறேன். பத்து வருஷம் கழித்துப் படிப்பவருக்கு நாம் எதைப் பார்த்தோம், எதை அனுமானித்தோம் என்று தெரிய வேண்டும்.

உள்ளான்களில் கர்லூ சாண்ட்பைப்பரும் டன்லினும் எங்களை அதிகம் படுத்தவில்லை. டன்லின் தெற்கே குறைவு. இருந்தாலும் இரண்டுக்கும் அலகு வளைந்திருக்கும், குளிர்காலத்தில் இரண்டும் சாம்பல். எங்கள் பறவை சிறகை உயர்த்திச் சோம்பல் முறித்த நொடியில் விழுந்த படம் ஒன்று இருந்தது: வாலுக்கு மேலே பளிச்சென்று வெள்ளை. டன்லினுக்கு அந்த வெள்ளையின் நடுவே கருங்கோடு ஓடும். ஆக, கர்லூ சாண்ட்பைப்பர். எல்லோருக்கும் முழு மதிப்பெண்.


கோடியக்கரை, ஞாயிறு இரவு

இன்று காடு. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது இந்த இடம். 2002-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துச் சாய்த்த மரங்கள் ஏராளம். பாலை மரங்களுக்கு நடுவே வானம் இன்னும் கூடுதலாகவே தெரிகிறது. வெளிமான்கள் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன, படம் எடுக்கக்கூட நாங்கள் நிற்கவில்லை. எங்கள் கண் முழுக்கக் கதிர்க்குருவிகள் மேல்.

சேற்றுப் பறவைகளாவது திறந்த வெளியில் நிற்கும். கதிர்க்குருவி இலைக்குள்ளேயே இருக்கும். அண்ணனுக்குக் கிடைத்த படங்களில் பாதி வெறும் இலை. மீதியில் ஒரு வால், ஒரு கண், ஒரு கிளைக்குப் பின்னால் அரைப் பறவை. மேலே எந்த வரியும் இல்லாத மங்கிய பழுப்பு, கண்ணுக்கு மேல் வெளிறிய குட்டைப் புருவம், நீண்ட அலகு, சரிந்த நெற்றி. பிளித் நாணல் கதிர்க்குருவி என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம். உண்மையைச் சொன்னால் அதன் பெயரைக் காலையிலேயே காது சொல்லிவிட்டது. புதருக்குள்ளிருந்து 'ச்செக்... ச்செக்' என்று கல்லோடு கல் மோதுகிற சத்தம். படத்தில் அந்தச் சத்தம் இல்லை. படம் மட்டும் பார்ப்பவருக்கும் நேரில் போனவருக்கும் நடுவே அந்த அளவு தூரம் இருக்கத்தான் செய்கிறது.

சீமைக் கருவேலத்தில் இருந்த இன்னொன்றுதான் சிக்கல். அளவில் சின்னது, வெளிறியது, வாலின் ஓரம் வெண்மை. பூட்டட் வார்ப்லரா, சைக்ஸ் வார்ப்லரா? இரண்டையும் ஒரே இனமாக நெடுங்காலம் வைத்திருந்தார்கள். அலகு நீண்டு, கீழலகு முழுக்க வெளிறியிருந்தால் சைக்ஸ். குட்டையாகி, கீழலகின் நுனி கருத்திருந்தால் பூட்டட். எங்கள் படத்தில் கீழலகின் நுனிக்குக் குறுக்கே ஒரு முள். வேறு படமும் இல்லை. "விடை இல்லை, ஏனென்றால் நுனி தெரியவில்லை" என்றான் தம்பி. அக்கா முழு மதிப்பெண் போட்டார். அவன் அதற்குச் சந்தோஷப்பட்ட விதத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷம். வெள்ளிக்கிழமை ராத்திரி "நிறைய நிக்குதே" என்று சொன்ன பையன் இவன்.

இங்கே பறவைகளுக்கு வளையம் போடும் வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980-களில் கோடியக்கரையில் பெரிய அளவில் வலை வைத்துப் பிடித்து, அளந்து, காலில் வளையமிட்டு விட்டது. பறவையியலாளர் சாலிம் அலி இந்த இடத்தின் மேல் வைத்திருந்த பற்று அந்த வேலைக்குப் பின்னால் இருந்தது. நாங்கள் தாளில் புள்ளி வைத்து அளப்பதை அவர்கள் கையில் பறவையைப் பிடித்து, கருவி வைத்து மில்லிமீட்டரில் அளந்தார்கள். கள வழிகாட்டிகளில் நாம் ஒரு வரியில் படித்துவிட்டுப் போகும் 'அலகு சற்று நீளம்' என்பதற்குப் பின்னால் அப்படிப்பட்ட எத்தனையோ காலைகள் இருக்கின்றன.


ராமநாதபுரம், திங்கள் இரவு

பகல் முழுக்கப் பயணம். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இறங்கி வந்தோம். முத்துப்பேட்டைக்கு முன்னால் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த வயலோரம் வண்டியை நிறுத்தியபோது காலடியிலிருந்து கோரை உள்ளான் வகைப் பறவை ஒன்று வளைந்து வளைந்து பறந்தது. அண்ணன் எப்படியோ பிடித்துவிட்டார், மங்கலாகத்தான்.

மங்கலான படம் சில சமயம் போதும். சிறகின் பின்விளிம்பில் வெள்ளைக் கோடு இருந்தால் கோரை உள்ளான். இதில் இல்லை. சிறகின் அடிப்பக்கம் முழுக்க நெருக்கமான கரும்பட்டை. அப்படியானால் ஊசிவால் உள்ளானாக இருக்க வேண்டும், இல்லை ஸ்வின்ஹோ உள்ளான். அந்த இரண்டைப் பிரிக்க வாலை விரித்துக் காட்ட வேண்டும். ஊசிவால் உள்ளானுக்கு வாலின் ஓர இறகுகள் ஊசியாக மெலிந்திருக்கும். பறந்து போகும் பறவை நமக்காக வாலை விரிக்காது. குறிப்பில் இரண்டு பெயரையும் சாய்கோடு போட்டு எழுதிக்கொண்டோம். பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்டு இணையதளத்தில் பட்டியல் போடும்போது இப்படி இரட்டைப் பெயரில் பதிய இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்த ஏன் இவ்வளவு பேர் கூச்சப்படுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.


ராமேஸ்வரம், செவ்வாய் இரவு

தனுஷ்கோடி எனக்குப் புதிது அல்ல, ஆனால் உப்புக்கொத்திக்காக மட்டும் வந்தது இப்போதுதான். 1964 டிசம்பர் புயலில் ஊர் போனது. 2017-க்குப் பிறகு அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. 2025-இல் இந்தப் பகுதியைப் பூநாரைகளுக்கான சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. எல்லா வண்டிகளும் அதைப் பார்த்து நின்றன. நாங்கள் சாலைக்கு இந்தப் பக்கம் திரும்பி, வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மணல் நகர்ந்தது. நகர்ந்தது மணல் இல்லை, ஹனுமன் ப்ளோவர்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வருஷம் முழுக்கத் தங்கி முட்டையிடும் சின்ன உப்புக்கொத்தி இது. நீண்ட காலம் கென்டிஷ் ப்ளோவரின் ஒரு கிளையினமாகவே இருந்தது. இலங்கை ஆய்வாளர்கள் முன்னின்று மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டு, தனி இனம் என்று 2023-இல் ஐபிஸ் ஆய்விதழில் எழுதினார்கள். இரண்டு கரையிலும் வாழ்வதால் ராமர் பாலத்தை நினைத்து ஹனுமன் பெயர். அந்தப் பாலத்தின் இந்த முனையில் நின்றுகொண்டு அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சிக்கல் என்னவென்றால், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கென்டிஷ் ப்ளோவரும் இதே கடற்கரையில் இருக்கலாம். இரண்டுக்கும் பின்கழுத்தில் வெள்ளை வளையம், மார்பின் பக்கத்தில் உடைந்த திட்டு. எனவே இரவு ஆட்டம் முழுக்க அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள அந்தச் சின்ன இடத்தைப் பற்றித்தான். கென்டிஷ் ஆணுக்கு அங்கே கருங்கோடு ஓடும். ஹனுமன் ஆணுக்கு அந்த இடம் பெரும்பாலும் வெள்ளை. முகமே வெளுத்து, கண் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். உருவமும் சின்னது. எங்கள் படங்களில் ஒரு ஜோடி நன்றாக விழுந்திருந்தது. ஆணின் முகத்தில் கோடே இல்லை. நெற்றி வெள்ளை நேராக அலகின் அடியில் இறங்கிக் கன்னத்தோடு கலந்தது. அந்தப் படத்துக்கு வாக்குவாதமே இல்லை.

தனியாக நின்ற இன்னொரு பறவைக்கு இருந்தது. பழுப்புத் தலை, முகத்தில் மங்கலான கோடு. கென்டிஷ் பெண்ணா, வளரும் ஹனுமனா? கோடு உண்மையா, கண்ணுக்கு முன் விழுந்த நிழலா? அண்ணன், மென்பொருளில் போட்டுக் கொஞ்சம் கூர்மையாக்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். இப்போதைய மென்பொருள்கள் இரைச்சலை நீக்குவதோடு நிற்பதில்லை. இறகு எப்படி இருக்கும் என்று ஊகித்துத் தாமே வரைந்துவிடுகின்றன. முகத்தில் ஒரு கோடு இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வியாக இருக்கும்போது, கோடு போடத் தெரிந்த கருவியிடம் படத்தைக் கொடுக்கக் கூடாது. அந்தப் பறவை சாய்கோட்டுக் கணக்கில் போனது.

இங்கே படம் எடுக்க வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பறவை கூடு கட்டுவதில்லை. வெறும் மணலில் ஒரு சின்னக் குழி, அதிலேயே முட்டை. மார்ச், ஏப்ரலில் வருபவர்கள் சாலையைவிட்டு மணலில் வண்டியை இறக்க வேண்டாம். பறவை இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடினால் நீங்கள் முட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள். காலடியைப் பார்த்து, வந்த வழியே திரும்பிவிடுங்கள். அந்த நேரத்தில் எடுக்கும் எந்தப் படமும் நமக்குத் தேவையில்லை.

கடற்காகங்களை வேகமாக முடித்தோம். சின்னவற்றில், விரித்த சிறகின் நுனிக் கருப்புக்குள் வெள்ளைப் பொட்டு இருந்தால் பழுப்புத்தலைக் கடற்காகம். சிறகின் முன்விளிம்பு நீளத்துக்கு வெள்ளையாக இருந்தால் கருந்தலைக் கடற்காகம். பெரிய வகைகள் முழு இறகு பெற நான்கு வருஷம் எடுக்கும், ஒவ்வொரு வருஷமும் ஒரு வேஷம். அவற்றுக்கு இன்னொரு பயணம் தனியாக வேண்டும்.

ஆலா என்னும் கடற்பறவைகளில் வெளிச்சம் எங்களை நன்றாகச் சோதித்தது. பெரிய கொண்டை ஆலாவுக்கு அலகு எலுமிச்சை மஞ்சள், சின்னக் கொண்டை ஆலாவுக்கு ஆரஞ்சு. காலையில் எடுத்த படங்களில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மாலை ஐந்தரைக்கு மேல் எடுத்தவற்றில் எல்லா அலகும் ஆரஞ்சு. தம்பி மணலின் நிறத்தைக் காட்டினான். மணலே ஆரஞ்சாக இருக்கும் படத்தில் அலகின் ஆரஞ்சை நம்ப முடியாது என்றான். பிறகு நிறத்தை விட்டுவிட்டு, அருகில் நின்ற பழுப்புத்தலைக் கடற்காகத்தோடு உயரத்தை ஒப்பிட்டான். கடற்காகத்தைவிட ஓங்கி நின்றவை பெரியவை, அதைவிடச் சின்னதாகத் தெரிந்தவை சின்னவை. அன்றைய இரவின் மிக நல்ல விடை அதுதான்.


ராமேஸ்வரம், புதன் மதியம்

மாலை ரயிலுக்கு நேரம் இருக்கிறது. காரை அண்ணன் ஓட்டிக்கொண்டு போகிறார். அக்காவும் நானும் புதிய பாம்பன் பாலத்தில் ரயிலில் போக ஆசைப்பட்டோம். காலையிலிருந்து படங்களை மூன்று கோப்புகளாகப் பிரித்தோம்: பெயர் உறுதி, இரட்டைப் பெயர், விடை இல்லை. மூன்றாவது கோப்பை அழித்துவிடலாம் என்று அண்ணன் சொன்னதற்கு அக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை. சாண்ட் ப்ளோவரைப் பிரித்த மாதிரி நாளைக்கு வேறொன்றைப் பிரிப்பார்கள், இன்று யாரும் பார்க்காத ஒரு அடையாளம் அப்போது முக்கியமாகிவிடும், இந்தப் படங்களில் அது விழுந்திருந்தாலும் விழுந்திருக்கும் என்றார். நானும் அவர் பக்கம்தான்.

மதிப்பெண்ணில் தம்பி முதலிடம். பரிசாக அக்கா தன் பழைய பைனாகுலரைக் கொடுத்துவிட்டார்.

படிப்பவர்களுக்காக ஒரு படத்தை வைத்திருக்கிறேன். அரிச்சல்முனையில் தண்ணீர் ஓரம் நிற்கும் மிகச் சிறிய ஆலா. அலகு கருப்பு, நெற்றி வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் கருந்திட்டு, கால் மங்கிய பழுப்பு. சிறகு மூடியிருக்கிறது. சின்ன ஆலாவும் சாண்டர்ஸ் ஆலாவும் குளிர்காலத்தில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் சின்ன ஆலாவின் நெற்றி வெள்ளை கண்ணுக்கு மேலே பின்னோக்கி நீளும், சாண்டர்ஸுக்குக் கண்ணுக்கு முன்பே நின்றுவிடும். ஜனவரியில் அது உதவாது. சிறகு விரிந்தால் வெளியோர இறகுகளில் எத்தனை கருப்பு என்று எண்ணலாம், சாண்டர்ஸுக்குக் கூடுதல். மன்னார் வளைகுடாவின் அந்தப் பக்கம் சாண்டர்ஸ் முட்டையிடுவது தெரியும், அதனால் இங்கே அது நிற்க நியாயம் இருக்கிறது. ஆனால் அது படம் தரும் காரணம் இல்லை. அடுத்த படத்தில் பறவை பறந்துவிட்டது, சிறகு பாதி சட்டத்துக்கு வெளியே. உள்ளே இருக்கும் பாதியில் இரண்டு கரு இறகுகள் தெரிகின்றன, மூன்றாவது இருக்கும் இடத்தில் பின்னால் நின்ற படகின் நிழல் விழுந்திருக்கிறது. நாங்கள் சாய்கோடு போட்டிருக்கிறோம். தம்பி மட்டும் அந்த நிழலுக்குள் ஒரு விளிம்பு தெரிகிறது என்று இன்னும் திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.